சக்கரம் பூண்ட வீடுகளும் அவற்றைச் சமைத்தவர்களும்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார்” என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரு குடும்பத் தலைவனின் ஆயுட்கால உழைப்பையும் பொறுமையையும் ஒருங்கே சோதிக்கும் செயல் வீடு கட்டுதல். வானம் தோண்டி, அடித்தளமிட்டு, சுவர் எழுப்பிக் கூரை வேய்ந்து முடிப்பதற்குள் தலை நரைத்துப் போனவர்களை நாம் அறிவோம். பத்திரங்களில் அதனை ‘அசையாச் சொத்து’ என்றே எழுதுகிறோம்.

அந்த அசையாச் சொத்தை ஆலையொன்றில் முழுமையாகச் செய்து, இரும்புச் சட்டத்தின் மேல் ஏற்றி, சக்கரம் பூட்டி, நெடுஞ்சாலை வழியே இழுத்துச் சென்று குடியமர்த்தும் வழக்கம் அமெரிக்க நாட்டில் பெருந்தொழிலாக வளர்ந்திருக்கிறது. விடுமுறைப் பயணத்தில் தங்குவதற்கான ஊர்தி வீடுகளும், நிலையாய்க் குடியிருப்பதற்கான ஆலை வீடுகளும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இவ்விரு தொழில்களின் முன்னோடிகளை நினைவுகூர 1972-இல் ஏற்பட்ட புகழ் மண்டபம் ஒன்று, இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரில் இருக்கிறது. ஆலை அதிபர்கள், விற்பனையாளர்கள், குடியிருப்புத் திடல்களை நடத்தியோர் என்று பலருடைய பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன.

அவர்களுள் பலர் பரம்பரைச் செல்வர் அல்லர். ஆடு மேய்த்தவர், சவப்பெட்டி விற்றவர், குத்தகை உழவர் வீட்டில் பிறந்தவர் என்று பலதரப்பட்டவர்கள். அவர்கள் எவ்வாறு உயர்ந்தார்கள் என்பதையும், அவர்கள் சமைத்த வீட்டினுள் குடியேறிய எளிய குடும்பத்துக்கு என்ன கிட்டியது என்பதையும் ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மழையில் பிறந்த வண்டி

1929-ஆம் ஆண்டு. டெட்ராய்ட் நகரில் ஆர்தர் ஷெர்மன் என்னும் நுண்ணுயிரியல் அறிஞர் வாழ்ந்து வந்தார். மருந்துத் தொழில் செய்தவர். விடுமுறைக்காகக் கூடார வண்டி ஒன்றை விலைக்கு வாங்கிக் குடும்பத்துடன் புறப்பட்டார். சில நிமிடங்களில் விரித்துவிடலாம் என்று விற்றவர்கள் சொன்ன கூடாரம், வழியில் மழை பிடித்துக்கொண்ட வேளையில் விரிய மறுத்தது. குடும்பமே நனைந்தது. வேறொருவராயின் விற்றவரைச் சபித்துவிட்டு ஓய்ந்திருப்பார். ஷெர்மனோ, துணிக்குப் பதிலாகக் கெட்டிச் சுவர்களும் கூரையும் கொண்ட வண்டி ஒன்றைத் தாமே வடிவமைத்தார். 1930-இல் டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் அதை வைத்தார். வாங்குவதற்கு ஆட்கள் திரண்டார்கள். 1936-க்குள் அவருடைய நிறுவனமே அந்நாட்டில் டிரெய்லர் செய்வோருள் முதலிடம் பெற்றது. நாடெங்கும் பொருளாதாரம் சரிந்து கிடந்த காலத்தில் இது நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது.

அதே காலத்தில் கலிபோர்னியாவில் வாலி பையம் என்பவர் இதே முயற்சியில் இறங்கினார். 1896-இல் பிறந்த இவர், இளமையில் ஆடு மேய்த்த நாட்களில், கழுதை இழுக்கும் சிறு மரவண்டியில் அடுப்பும் உணவும் நீரும் வைத்துக்கொண்டு அதிலேயே தங்கியவர். பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று பத்திரிகை வெளியீட்டாளர் ஆனார். காரின் அடிச்சட்டத்தின் மேல் கூடாரம் அமைத்துப் பயணம் செய்ய எண்ணியபோது, அடுப்பங்கரை இல்லாத கூடாரத்தில் தங்க அவருடைய மனைவி மேரியன் இசையவில்லை. ஆகவே அடுப்பும் பனிக்கட்டிப் பெட்டியும் பொருத்திய வண்டி ஒன்றைச் செய்தார். இத்தொழிலின் தொடக்கத்தில் ஒரு இல்லத்தரசியின் நியாயமான மறுப்பு இருந்ததை நம் சகோதரிகள் கருத்தில் கொள்வார்களாக!

அவருடைய பத்திரிகையில் டிரெய்லர் கட்டுவது எப்படி என்று ஒரு கட்டுரை வெளிவந்தது. அதன்படி செய்தால் வண்டி சரிவர அமையவில்லை என்று வாசகர்கள் முறையிட்டார்கள். பையம் அம்முறையீட்டைப் புறக்கணிக்காமல் தாமே செய்து பார்த்துப் பிழைகளைத் திருத்தினார். திருத்திய வரைபடங்களை விற்றார். பின்பு வண்டிகளையே செய்து விற்றார். 1931-இல் ‘ஏர்ஸ்ட்ரீம்’ நிறுவனம் உருவானது. 1936-இல் வெளிவந்த அதன் அலுமினிய வண்டி, விமானத்தின் உடலைப் போல் வளைந்து பளபளத்தது. இரண்டாம் உலகப் போரில் அலுமினியம் போர்த் தேவைகளுக்கென ஒதுக்கப்படவே, தொழிலை நிறுத்திவிட்டு விமானத் தொழிற்சாலையில் வேலைக்குச் சென்றார். போர் முடிந்தபின் மீண்டும் தொடங்கினார். 1959-இல் தம் வண்டிகளில் பயணிகளைத் திரட்டிக் கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரை ஆப்பிரிக்காவின் ஊடே அழைத்துச் சென்றார். 1962-இல் இறந்தார். 1969-இல் சந்திரனிலிருந்து மீண்ட விண்வெளி வீரர் மூவரைத் தனிமைப்படுத்தி வைத்த கூடம், ஏர்ஸ்ட்ரீம் வண்டியை மாற்றியமைத்துச் செய்யப்பட்டதே.

வண்டி வீடாகிறது

உல்லாசத்துக்கெனச் செய்த வண்டி, ஏழையின் உறைவிடமானது காலத்தின் கட்டாயத்தால். 1930-களின் வறுமையில் வேலை தேடி அலைந்தோர் பலர் இவ்வண்டிகளிலேயே குடும்பம் நடத்தினர். போர்க்காலத்தில் ஆயுத ஆலைகளைச் சுற்றிக் குவிந்த தொழிலாளருக்கு அரசே பல்லாயிரம் வண்டிகளை வாங்கிக் குடியமர்த்தியது. போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கும் வீடுகள் போதவில்லை. ஆனால் நெடுஞ்சாலை விதிகளுக்கு உட்பட்ட வண்டியின் அகலமோ 8 அடி மட்டுமே. அந்த அகலத்தில் ஒருவர் நடக்கும்போது மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டும்.

விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த எல்மர் ஃபிரே என்பவர் இதைக் கண்டு சிந்தித்தார். இவ்வண்டிகளை வாங்குவோர் ஊர் சுற்றுவதற்காக வாங்கவில்லை. ஓரிடத்தில் நிறுத்திப் பிள்ளைகளை வளர்க்கவே வாங்குகிறார்கள். அவ்வாறாயின் வண்டிக்குரிய அளவு வீட்டிற்கு எதற்கு? 1950-களின் நடுவில் 10 அடி அகலமுள்ள வீட்டைச் செய்து வெளியிட்டதோடு, சாலையில் அதனை இழுத்துச் செல்லச் சிறப்பு அனுமதி தருமாறு மாநில அரசுகளிடம் வாதாடினார். இரண்டு அடி கூடியதால் வீட்டின் உள்ளே ஓரமாக நடைவழி அமைக்க முடிந்தது; பெற்றோரின் அறை வழியே நடக்காமல் பிள்ளைகள் தங்கள் அறைக்குச் செல்ல முடிந்தது. குடும்பத்தின் கண்ணியத்துக்கு அவ்விரண்டு அடி எத்துணை இன்றியமையாதது என்பதை ஒற்றை அறைக் குடித்தனத்தில் வாழ்ந்தவர்கள் உணர்வார்கள்.

ஆயினும் மலிவான வீடுகள் பல தீக்கும் காற்றுக்கும் தாங்காதவையாய் இருந்தன. 1974-இல் அமெரிக்கப் பாராளுமன்றம் இதற்கெனச் சட்டம் இயற்றியது. 1976 ஜூன் 15 முதல், கட்டுமான உறுதி, மின்னிணைப்பு, தீப்பாதுகாப்பு ஆகியவற்றில் நாடு முழுமைக்கும் ஒரே விதி நடைமுறைக்கு வந்தது.

எல்கார்ட் நகரின் மைந்தர்

இவ்வரிசையில் கத்தோலிக்கரான ஆர்தர் டெசியோவைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுவது நம் கடமை. 1930-இல் எல்கார்ட்டில் பிறந்தவர். இவருடைய தந்தை ஜூலியஸ் டெசியோ 1951-இல் கார் நிறுத்தும் கொட்டகை ஒன்றில் ‘ஸ்கைலைன்’ நிறுவனத்தைத் தொடங்கினார். 1956-இல் மகன் பொறுப்பேற்றார். இழுத்துச் செல்லும் தூரம் கூடக்கூட வீட்டின் விலையும் ஏறும் என்பது இத்தொழிலின் இலக்கணம். ஆகவே ஒரே இடத்தில் மாபெரும் ஆலை எழுப்பாமல், பல மாநிலங்களில் ஆலைகளைப் பரப்பி, வாங்குவோருக்கு அருகிலேயே வீடுகளைச் செய்யும் முறையை ஸ்கைலைன் கையாண்டது. 1965 டிசம்பரில் ‘டைம்’ வார இதழ் நாற்பது வயதுக்குட்பட்ட கோடீசுவரர்களைப் பற்றி எழுதியபோது, அட்டையில் இடம்பெற்ற முகம் டெசியோவுடையது.

அவ்வளவில் நின்றிருந்தால் அவர் பெயர் பணக்காரர் பட்டியலோடு மறைந்திருக்கும். அண்டை நகரில் திருச்சிலுவைச் சபைத் துறவியர் 1842-இல் நிறுவிய நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்கு அவர் பல்லாண்டுகள் அறங்காவலராகப் பணியாற்றினார். அவரும் அவருடைய துணைவியார் பட்ரீசியாவும் வழங்கிய கொடையால் எழுந்த ஆசிரியர் மாளிகை அங்கே அவர்கள் குடும்பப் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிறந்த ஊரை விட்டு அகலாமல், அவ்வூர் மக்களுக்கே வேலையும் கொடையும் வழங்கி, 2020 நவம்பரில் தம் 90-ஆம் வயதில் இறந்தார். தொழிலாளி தன் கூலியில் சிறிது மிச்சம் பிடித்துத் தனக்கெனச் சிறு சொத்து உடையவனாக வேண்டும் என்று பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-ஆம் ஆண்டுத் திருமடலில் வலியுறுத்தினார். எளியவர் விலையில் வீடு செய்வோர் அக்கருத்துக்குத் தொண்டு செய்ய வல்லவர்கள். செய்கிறார்களா என்பது அவரவர் மனச்சான்றைப் பொறுத்தது.

ஓர் ஊரின் உயிர் காத்தவர்

அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி ஒரு சிற்றூர். அங்கே ஜான் ஹான்சன் மேசை நாற்காலிக் கடையும் அதனோடு ஈமச் சடங்கு நிலையமும் நடத்தி வந்தார். 1950-களில் வேளாண்மையில் இயந்திரங்கள் பெருகின. வேலையில்லாத இளைஞர்கள் மூட்டை கட்டிக்கொண்டு பெருநகர்களுக்குப் புறப்பட்டார்கள். பெரியவர்களை அடக்கம் செய்யும் தொழில் நடத்தியவருக்கு, ஊரே மெல்ல இறந்துகொண்டிருப்பது தெரியாமலா போகும்? கலிபோர்னிய நிறுவனம் ஒன்றை இணங்கச் செய்து, 1958-இல் டிரெய்லர் ஆலை ஒன்றைத் தம் ஊருக்குக் கொணர்ந்தார். அது தள்ளாடியபோது ஊர்க்காரர்கள் சிலரே பணம் போட்டு வாங்கினர். ஹான்சன் தலைமை ஏற்றார். ‘வின்னபேகோ’ என்று அவர்களுடைய மாவட்டத்தின் பெயரையே ஆலைக்குச் சூட்டினார்கள். 1966-இல் எஞ்சினும் வீடும் ஒன்றாய் அமைந்த மோட்டார் இல்லங்களைத் தொடர்முறையில் செய்யத் தொடங்கி, பிறர் விலையினும் மிகக் குறைத்து விற்றனர். பங்குகளின் மதிப்பு 1970-களின் தொடக்கத்தில் பன்மடங்கு ஏறவே, ஊரார் பலர் செல்வரானார்கள்.

ஏற்றத்தை அடுத்து இறக்கம் வந்தது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் வழங்கலை நிறுத்தின. பெட்ரோல் நிலையங்களில் வரிசையில் நிற்கும் மக்கள், பெட்ரோலைக் குடிக்கும் மோட்டார் இல்லத்தை வாங்குவார்களா? 1979-இல் மீண்டும் அதே நெருக்கடி. ஒதுங்கியிருந்த ஹான்சன் முதிய வயதில் திரும்பி வந்து பொறுப்பேற்றார். 1996-இல் அவர் மறைந்தபோதும் ஆலை அவ்வூரிலேயே இயங்கிக்கொண்டிருந்தது.

கடனும் காலடி மண்ணும்

டென்னசி மாநிலத்தின் ஜிம் கிளேட்டன் 1934-இல் குத்தகை உழவர் குடும்பத்தில் பிறந்தவர். சகோதரரோடு நடத்திய கார் வியாபாரம் நொடித்தது. மனந்தளராது சட்டம் பயின்று பட்டம் பெற்றார். 1966-இல் ஆலை வீட்டுத் தொழிலில் இறங்கினார். அவர் கண்ட உண்மை ஒன்று: எளியவன் வீட்டின் விலையைக் கேட்பதில்லை, மாதத் தவணை எவ்வளவு என்றே கேட்கிறான். ஆகவே வீட்டைச் செய்வது, விற்பது, கடன் கொடுப்பது, காப்பீடு செய்வது ஆகிய நான்கையும் ஒரே குடையின் கீழ்க் கொணர்ந்தார். கல்லூரி மாணவர்கள் பரிசளித்த அவருடைய தன்வரலாற்று நூலைப் படித்த வாரன் பஃபெட், 2003-இல் அந்நிறுவனத்தை ஏறத்தாழ 170 கோடி டாலருக்கு வாங்கினார்.

ஆயினும் இத்தொழிலின் இருண்ட பக்கமும் இக்கடனிலேயே இருக்கிறது. 1990-களில் விற்பனையாளர் பலர், திருப்பிச் செலுத்த வல்லவரா என்று பாராமல் கடனை வாரி இறைத்தனர். 1998-இல் 3,70,000-க்கும் அதிகமான ஆலை வீடுகள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. தவணை தவறிய குடும்பங்களிடமிருந்து வீடுகள் பறிக்கப்பட்டன. பறித்த வீடுகள் குவிந்ததால் புதிய வீடுகளுக்குக் கேட்பார் இல்லை. 2009-இல் அவ்வெண்ணிக்கை 50,000-ஐக்கூட எட்டவில்லை. ஆலை வீடுகள் பலவற்றுக்கான கடன், மனையோடு கூடிய வீட்டுக் கடனாகக் கருதப்படாமல், வாகனக் கடனைப்போல் அசையும் பொருளுக்கான கடனாகவே வழங்கப்படுகிறது. அதற்கு வட்டி அதிகம். கடனாளிக்குச் சட்டக் காப்போ குறைவு. கிளேட்டன் நிறுவனமும் எளியோருக்குச் சுமையான கடன் தருகிறது என்று 2015-இல் அமெரிக்கப் பத்திரிகைகள் குற்றஞ்சாட்டின. நிறுவனம் அதை மறுத்தது.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. ஆலை வீட்டை வாங்கிய குடும்பங்கள் பல, அதனைப் பிறருக்குச் சொந்தமான திடலில் மாத வாடகைக்கு நிறுத்துகின்றன. வீடு அவர்களுடையது, அடிமனை வேறொருவருடையது. பெயரளவில் அது நகரும் வீடு. ஆனால் ஒருமுறை நிறுத்திய வீட்டைப் பெயர்த்து இழுத்துச் செல்லப் பல ஆயிரம் டாலர் செலவாகும். எனவே திடலை வாங்கிய புதிய முதலாளி வாடகையை உயர்த்தினால், கட்டுவது அல்லது வீட்டைக் கைவிடுவது என்னும் இரண்டே வழிகள்தாம். இந்த நிலையை அறிந்தே முதலீட்டு நிறுவனங்கள் அண்மைக் காலங்களில் இத்திடல்களைத் தேடி வாங்குகின்றன.

ஆலைத் தொழிலாளரின் நிலையும் எண்ணத்தக்கதே. உல்லாசப் பயண ஊர்திகள் 2006-இல் 3,90,500 அனுப்பப்பட்டன. 2009-இல் அது 1,65,700 ஆகச் சுருங்கியது. எல்கார்ட் பகுதியில் வேலையின்மை 18 விழுக்காட்டைத் தாண்டியது. 2021-இல், பெருந்தொற்றுக்குப் பின், 6,00,240 என்னும் உச்சத்தைத் தொட்டது. 2023-இல் மீண்டும் 3,13,000 அளவுக்கு வீழ்ந்தது. புள்ளிவிவரத்தில் இது ஏற்ற இறக்கம். தொழிலாளியின் வீட்டிலோ அடுப்பு எரிவதும் அணைவதும்!

மண்டபத்துக்கு வெளியே

இறுதியாக மற்றொரு சாதனையைக் கூறி முடிப்போம். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மெரிடித் என்னும் ஊரில் 13 குடும்பங்கள் இத்தகைய வாடகைத் திடல் ஒன்றில் குடியிருந்தன. திடல் விற்பனைக்கு வந்தது. புதிதாய் வாங்குபவர் தங்களை வெளியேற்றிவிடுவாரோ என்ற அச்சம் அவர்களை வாட்டியது. தனித்தனியே எவரிடமும் பணமில்லை. எந்த வங்கி அவர்களை நம்பும்? ஆனால் அவர்கள் ஒன்றுகூடிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். எளியோருக்குக் கடனுதவும் உள்ளூர் நிதியமைப்பு ஒன்று கைகொடுத்தது. 1984-இல் தங்கள் காலடி மண்ணைத் தாங்களே விலைக்கு வாங்கினார்கள். வாடகை எவ்வளவு, சாலையை எப்போது செப்பனிடுவது என்பவற்றைத் தாங்களே வாக்களித்து முடிவு செய்தார்கள்.

அம்முன்மாதிரி பரவியது. 2008-இல் அதனை நாடெங்கும் பரப்பவே ‘ராக் யு.எஸ்.ஏ.’ என்னும் அமைப்பு தோன்றியது. இன்று 300-க்கும் மேற்பட்ட திடல்கள் குடியிருப்போர்க்கே சொந்தமாய், கூட்டுறவு முறையில் இயங்குகின்றன.

ஷெர்மன் தம் குடும்பம் நனைந்ததைக் கண்டார். ஃபிரே இரண்டு அடியின் தேவையைக் கண்டார். ஹான்சன் தம் ஊரின் வெறுமையைக் கண்டார். கிளேட்டன் எளியவனின் மாதக் கணக்கைக் கண்டார். பிறருடைய முட்டுப்பாட்டைத் தம்முடையதாக எண்ணிய வேளையில் அவர்கள் உயர்ந்தார்கள். முட்டுப்பாட்டைத் தீர்ப்பதை மறந்து அதிலிருந்து பணம் பிழிய முற்பட்ட வேளையில் அத்தொழிலே தாழ்ந்தது. மெரிடித்தின் 13 குடும்பங்களோ, தங்கள் முட்டுப்பாட்டைத் தாங்களே ஒன்றாய்த் தூக்கினார்கள்.

மாலையில் குடும்பமாய் அமர்ந்திருக்கும்போது, தந்தையர் தம் பிள்ளைகளிடம் இவ்வரலாறுகளைக் கூறட்டும். ‘பெரியவனாகி என்ன ஆகப் போகிறாய்?’ என்று கேட்பது நம் வழக்கம். ‘யாருடைய குறையைத் தீர்க்கப் போகிறாய்?’ என்றும் சேர்த்துக் கேட்போம்.